கணினியை அணைக்காமலே விட்டால் எது தேயும், எது தேயாது?

ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். தினமும் 8 மணி நேரம் வேலை செய்துவிட்டு அணைத்துவிடும் கணினி அதில் 2,920 மணி நேரம்தான் ஓடுகிறது. அணைக்காமலே விட்ட கணினியோ மூன்றாண்டு ஓட்டத்தை ஒரே ஆண்டில் ஓடி முடித்துவிடுகிறது. அப்படியானால் அது மூன்று மடங்கு வேகமாகக் கெட்டுப்போகுமா? சில உறுப்புகளுக்கு ஏறக்குறைய ஆமாம். சிலவற்றுக்கு இல்லவே இல்லை. ஒன்றிரண்டுக்கு, அடிக்கடி அணைத்துப் போடுவதுதான் கெடுதல்.

"அணைக்கலாமா, கூடாதா" என்று கணினி முழுவதையும் சேர்த்துக் கேட்கும்போது தெளிவான பதில் கிடைப்பதில்லை. சுழலும் ஃபேன், திரவம் நிரம்பிய கெப்பாசிட்டர், அசையவே அசையாத சில்லு எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. சிலவற்றுக்குச் சூடு எதிரி, சிலவற்றுக்குச் சுழற்சி, சிலவற்றுக்குச் சூடேறிச் சூடேறி ஆறுவது. ஆகவே உறுப்பு உறுப்பாகப் பார்ப்போம். அதிகம் பழுதாவதும், பலரும் கண்டுகொள்ளாததுமான ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

கெப்பாசிட்டர்: மெல்ல வற்றும் உறுப்பு

எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளையிலும் பழைய மதர்போர்டுகளிலும் சின்னச் சின்ன உருளைகளாக நிற்பவை எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள். உள்ளே அலுமினியத் தகட்டுச் சுருளும் அதை நனைத்திருக்கும் எலெக்ட்ரோலைட் திரவமும் இருக்கும். அடியில் ரப்பர் அடைப்பு. அந்த ரப்பரின் வழியே திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. சூடு கூடினால் வேகமாக, குறைந்தால் மெதுவாக. திரவம் வற்ற வற்ற, மின்னைத் தேக்கி வைக்கும் திறன் குறையும், உள்தடை ஏறும். உள்தடை ஏறினால் கெப்பாசிட்டர் தனக்குள்ளேயே இன்னும் சூடாகும், இன்னும் வேகமாக வற்றும். பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுக் கடைசியில் மளமளவென்று சரிவது இதனால்தான்.

உருளையின் பக்கவாட்டில் 105 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள். தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பார்த்தால் "105 டிகிரி செல்சியஸில் 2,000 மணி நேரம்" என்பது போன்ற ஓர் எண் இருக்கும். 2,000 மணி நேரம் என்றால் மூன்று மாதம்கூட இல்லையே என்று பதற வேண்டாம். வெப்பம் 10 டிகிரி குறையும்தோறும் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது மின்னணுப் பொறியாளர்கள் கையாளும் கணக்கு. 65 டிகிரியில் இருக்கும் கெப்பாசிட்டருக்கு நான்கு முறை இரட்டிக்க வேண்டும்: 32,000 மணி நேரம். 45 டிகிரியில் இருந்தால் ஆறு முறை: 1,28,000 மணி நேரம்.

இந்த இரண்டு எண்களையும் ஆண்டுக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 65 டிகிரியில் தினம் 8 மணி நேரம் மட்டும் ஓடும் கணினிக்கு 32,000 மணி நேரம் ஏறக்குறைய 11 ஆண்டுகள் வரும். 45 டிகிரியில் இரவும் பகலும் ஓடும் கணினிக்கு 1,28,000 மணி நேரம் 14 ஆண்டுகளைத் தாண்டும். அதாவது, குளிர்ச்சியாக எந்நேரமும் ஓடும் கணினி, சூடாகச் சில மணி நேரமே ஓடும் கணினியைவிட அதிக நாள் தாங்கும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைவிட எவ்வளவு சூட்டில் ஓடியது என்பதுதான் பெரிய கேள்வி. (இந்தக் கணக்கை 15 ஆண்டுக்கு மேல் நீட்டக் கூடாது. அதற்குள் ரப்பர் அடைப்பே முதுமையடைந்துவிடும்.)

கெப்பாசிட்டர் கெட்டதா என்று கண்ணாலேயே ஓரளவு பார்க்கலாம். பெரிய உருளைகளின் தலையில் சிலுவை வடிவிலோ மூன்று கோடுகளாகவோ ஒரு கீறல் இருக்கும். உள்ளே வாயு அழுத்தம் ஏறினால் வெடித்துச் சிதறாமல் அந்த இடத்தில் மட்டும் பிளக்கட்டும் என்று தயாரிப்பிலேயே மெல்லியதாக்கி வைத்த இடம் அது. நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். கெட்டுக்கொண்டிருப்பதன் தலை லேசாக உப்பியிருக்கும். டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் மேட்டின் நிழல் தெரியும். கீறல் ஓரமாகப் பழுப்புப் பொருக்கு இருந்தால் கசிய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ஆனால் கெப்பாசிட்டர் அசையாமலிருக்க அதன் அடியில் தொழிற்சாலையிலேயே பசை வைப்பதுண்டு; அதுவும் நாளடைவில் பழுப்பாகும். அதைக் கசிவு என்று எண்ணி நல்ல போர்டைக் கழற்றிப் போட வேண்டாம்.

2000-களின் முதல் பாதியில் வந்த மதர்போர்டுகளில் தரக்குறைவான எலெக்ட்ரோலைட்டால் கெப்பாசிட்டர்கள் கூட்டம் கூட்டமாக உப்பின. இன்றைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் திட பாலிமர் வகையே வருகிறது. அதில் வற்றுவதற்குத் திரவம் இல்லை. எனவே கவலைக்குரிய இடம் இப்போது எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் நகர்ந்துவிட்டது. அந்தப் பெட்டியை மட்டும் பழக்கமில்லாதவர்கள் திறக்கக் கூடாது. அதிலுள்ள முதன்மைக் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். சந்தேகம் வந்தால் முழுப் பெட்டியாக மாற்றிவிடுவதுதான் சரி.

ஃபேன்: ஓடும் மணி நேரத்தை அப்படியே கணக்கில் எழுதிக்கொள்வது

ஓட்டத்தால் நேரடியாகத் தேய்வது ஃபேன்தான். மலிவான ஸ்லீவ் பேரிங் ஃபேனுக்கு ஏறக்குறைய 30,000 மணி நேரம் என்று குறிப்பிடுவார்கள். பால் பேரிங் என்றால் 50,000-க்கு மேல். நல்ல திரவ பேரிங் ஃபேன்களுக்கு 1,00,000 வரையும் அதற்கு மேலும். 30,000 மணி நேரம் என்பது நிறுத்தாமல் ஓடினால் மூன்றரை ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். கணினியை அணைக்காமல் விடப் போகிறவர்கள் காசைச் செலவழிக்க வேண்டிய முதல் இடம் இதுதான். ஃபேன் விலை குறைவு. அது நின்றுபோனால் அதன் பின்னால் சூடேறும் உறுப்புகளின் விலை குறைவல்ல.

ஃபேன் சாகும் முன் சொல்லிவிட்டுத்தான் சாகும். கணினியைப் போட்டதும் முதல் ஓரிரு நிமிடம் "கர்ர்" என்று அரைத்துவிட்டு, சூடேறியதும் அமைதியானால், பேரிங்கில் உள்ள கிரீஸ் கெட்டிப்பட்டுவிட்டது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு விரலால் மெல்லச் சுண்டிப் பாருங்கள். நல்ல ஃபேன் சில சுற்றுகள் தானாகச் சுழன்று மெதுவாக நிற்கும். தேய்ந்தது பிடித்து இழுத்தாற்போல் சட்டென்று நின்றுவிடும், இறக்கையைத் தொட்டால் பக்கவாட்டில் ஆடும்.

இன்னொன்று தூசி. மூன்று மடங்கு நேரம் ஓடும் கணினி மூன்று மடங்கு காற்றை இழுக்கிறது. தூசியும் அந்த அளவுக்குச் சேரும். சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கிடையே அது கம்பளம் போலப் படிந்துவிட்டால் உள்சூடு ஏறும். மேலே பார்த்த கெப்பாசிட்டர் கணக்கு முழுதும் தலைகீழாகிவிடும். எப்போதும் ஓடும் கணினியை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் காற்றின் வேகத்தில் அது அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் அடிபடும். சுழலும் மோட்டார் மின்னை உண்டாக்கி போர்டுக்குத் திருப்பியும் அனுப்பக்கூடும்.

ஹார்ட் டிஸ்க்கும் எஸ்.எஸ்.டி.யும்

ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டே இருப்பதால் தேய்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சுழலும்போது, தரவைப் படித்து எழுதும் தலைப்பகுதி தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின் மேல் மிதக்கிறது. சுழற்சி அச்சும் திரவப் படலத்தின் மேல்தான் ஓடுகிறது. நிறுத்துவதும் கிளப்புவதும், தலையை ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தித் திரும்ப எடுப்பதும்தான் எண்ணிக்கை வைத்துத் தேயும் வேலைகள். தலையை நிறுத்தி எடுக்கும் எண்ணிக்கைக்கு 3,00,000 அல்லது 6,00,000 என்று வரம்பு தருவார்கள்.

தினம் ஒருமுறை கணினியை அணைத்துப் போடுவதால் ஆண்டுக்கு 365 முறைதான் ஆகிறது. அந்த வரம்புக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் மின்சிக்கனத்துக்காகச் சில டிஸ்க்குகள் சில நொடிகள் வேலை இல்லையென்றாலே தலையை ஓரங்கட்டிவிடும். அணைக்காமல் விட்ட கணினியில் ஏதோ ஒரு நிரல் அவ்வப்போது ஒரு வரியை எழுதி அதை எழுப்பிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தாலும் நாளுக்கு 1,440 முறை. 3,00,000 என்ற வரம்பு 208 நாளில் தீர்ந்துவிடும். எந்நேரமும் ஓடும் கணினியில் வேலை இல்லாதபோது டிஸ்க்கைத் தானாக அணைக்கும் அமைப்பை ஒன்று நிறுத்தியே வைக்க வேண்டும், அல்லது 30 நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டும். தலை ஓரங்கட்டுவதை டிஸ்க்கின் உள்மென்பொருளே முடிவு செய்யும் வகை என்றால், தயாரிப்பாளர் தரும் கருவியில்தான் மாற்ற முடியும்.

உங்கள் டிஸ்க் எங்கே நிற்கிறது என்பதை அது தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவுகளே சொல்லும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச நிரலில் பார்க்கலாம். எண் 9 மொத்தம் ஓடிய மணி நேரம். எண் 12 எத்தனை முறை மின் கொடுக்கப்பட்டது. எண் 193 தலையை நிறுத்தி எடுத்த எண்ணிக்கை. இவை வெறும் வயதுக் கணக்கு. பெரிதாக இருப்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியவை எண் 5, எண் 197. முதலாவது, கெட்டதால் மாற்றி ஒதுக்கப்பட்ட இடங்கள். இரண்டாவது, படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள். இவை பூச்சியத்திலிருந்து ஏற ஆரம்பித்தால் அன்றே நகல் எடுத்துவிடுங்கள். எந்நேரமும் ஓட வேண்டிய இடத்துக்கு, ஆண்டுக்கு 8,760 மணி நேரத்துக்கு என்றே மதிப்பிடப்பட்ட டிஸ்க்குகள் விற்கின்றன. சாதாரண மேசைக்கணினி டிஸ்க்குகளில் பலவற்றுக்கு விவரத்தாளில் 2,400 மணி நேரம்தான் எழுதியிருக்கும்.

சுழலும் பகுதி இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.க்கு மணி நேரம் பொருட்டே இல்லை, எழுதும் அளவுதான் கணக்கு. 1 டெராபைட் எஸ்.எஸ்.டி.க்கு 600 டெராபைட் எழுதலாம் என்பது சாதாரணமாகக் காணும் மதிப்பு. சும்மா ஓடிக்கொண்டிருக்கும் கணினி நாளுக்கு 20 ஜி.பி. எழுதுகிறது என்றாலும் ஆண்டுக்கு 7.3 டெராபைட், 600-ஐ எட்ட 80 ஆண்டுக்கு மேலாகும். எஸ்.எஸ்.டி.க்கு ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. சில்லுகளுக்கான தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரத்தின்படி, எழுதும் வரம்பை எட்டிய சாதாரண எஸ்.எஸ்.டி. மின்சாரமே இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு வரை தரவைக் காத்தால் போதும். நன்கு உழைத்த எஸ்.எஸ்.டி.யில் குடும்பப் படங்களை ஏற்றிப் பெட்டிக்குள் பல ஆண்டுகள் வைத்துவிட்டால் அவை இருக்கும் என்று நம்ப முடியாது.

பிராசஸரும் மெமரியும் மிக அரிதாகவே ஓட்டத்தால் சாகின்றன. மெல்லிய கம்பிகளில் மின்னோட்டம் உலோக அணுக்களை நகர்த்திக்கொண்டே போவது உண்மைதான், அதுவும் மின்னோட்டமும் சூடும் கூடினால்தான் வேகமெடுக்கும். சும்மா இருக்கும் பிராசஸர் தன் பெரும்பகுதியை அணைத்து வைத்துக்கொள்கிறது. ஓவர்கிளாக் செய்து (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டி) வோல்டேஜை ஏற்றாதவரை கணினியின் மற்ற உறுப்புகளுக்குப் பிறகும் அது இருக்கும்.

அப்படியானால் "அணைத்துப் போட்டால் கெடும்" என்பது பொய்யா?

பொய் அல்ல. சிலிக்கான் சில்லு, சூடு ஒரு டிகிரி ஏறினால் நீளத்தில் பத்து லட்சத்தில் மூன்று பங்கு அளவுக்கு விரியும். அது அமர்ந்திருக்கும் போர்டு பதினைந்து பங்கு போல விரியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சால்டர் உருண்டைகள் ஒவ்வொரு முறையும் இருபக்கமும் இழுபடுகின்றன. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போலத்தான். ஹீட் சிங்க்குக்கும் சில்லுக்கும் இடையே உள்ள தெர்மல் பேஸ்ட்டும் இந்த விரிவு சுருக்கத்தில் ஓரத்துக்குப் பிதுங்கிப் போகிறது.

ஆனால் இந்தச் சோர்வு எத்தனை முறை நடந்தது என்பதோடு எவ்வளவு டிகிரி ஏறி இறங்கியது என்பதையும் பொறுத்தது. தோராயமாக அந்த வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காலையில் கணினியைப் போட்டால் உள்ளே 20 டிகிரி போல ஏறும். அதே கணினியில் கனமான விளையாட்டோ வீடியோ வேலையோ தொடங்கினால் கிராபிக்ஸ் சில்லு 50 டிகிரி ஏறிவிடும். 20-க்கு 50 இரண்டரை மடங்கு. சேதமோ ஆறு மடங்குக்கு மேல். பகலில் நான்கு முறை விளையாடி நிறுத்துபவர், இரவில் அணைக்காமல் விட்டதால் சால்டரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தால் கணக்கு இடிக்கும். தினம் ஒருமுறை அணைத்துப் போட்டால் பத்தாண்டில் 3,650 சுற்றுகள். மிதமான ஏற்ற இறக்கத்தில் நல்ல போர்டு அதைத் தாங்கும்.

மின் பாய்ச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இழை பல்புகள் பெரும்பாலும் போடும் கணத்தில்தான் பியூஸ் போகும். கணினியைப் பற்றிய பயத்துக்கும் அந்த அனுபவமே வேர். சுவரில் சுவிட்சைப் போடும்போது எஸ்.எம்.பி.எஸ்.-இன் முதன்மைக் கெப்பாசிட்டர் காலியாக இருப்பதால் சில மில்லிநொடிகளுக்குப் பெரிய மின்னோட்டம் பாயும். அதைத் தடுக்க உள்ளே ஒரு தெர்மிஸ்டர் வைத்திருப்பார்கள். குளிர்ந்திருக்கும்போது தடை அதிகம். ஓட ஓடச் சூடாகித் தடை குறைந்துவிடும். சுவிட்சை அணைத்து உடனே போட்டால் அது ஆறியிருக்காது, காவலும் இருக்காது. எனவே சுவர் சுவிட்சை அணைத்தால் ஒரு நிமிடமாவது பொறுத்துப் போடுங்கள். அதைவிட நல்லது, ஷட் டவுன் மட்டும் செய்துவிட்டுச் சுவிட்சை அப்படியே விடுவது. அப்போது முதன்மைக் கெப்பாசிட்டர் நிரம்பியே இருக்கும், காலையில் பாய்ச்சலே கிடையாது. மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பட்டன் பேட்டரிக்கும் இது நல்லது. இணைப்பு இருக்கும்வரை கடிகாரம் அதிலிருந்து மின் எடுப்பதில்லை. இடி மின்னல் நேரத்தில் மட்டும் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்

அரைமணி, ஒரு மணி எழுந்து போகிறீர்கள் என்றால் ஸ்லீப். மெமரிக்கு மட்டும் மின் போகும், சில வாட்தான் செலவு, ஃபேன்கள் நிற்கும். இரவு முழுக்க வேலை இல்லை என்றால் ஷட் டவுன் அல்லது ஹைபர்னேட் (திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைவது). சும்மா ஓடும் மேசைக்கணினி 60 வாட் எடுக்கிறது என்று வைத்தால், பயன்படுத்தாத 16 மணி நேரத்துக்கு ஆண்டுக்கு 350 யூனிட் வீணாகிறது. உறுப்பு தேய்வதைவிட இந்தச் செலவு உறுதியானது. கோப்புப் பகிர்வு, கண்காணிப்புக் கேமரா பதிவு, தொலைவிலிருந்து உள்நுழைவது என்று உண்மையான தேவை இருந்தால் தயங்காமல் ஓட விடலாம். நல்ல ஃபேன், தூசி இல்லாத உட்புறம், யு.பி.எஸ். இந்த மூன்றும் இருக்கட்டும்.

திரையை எப்போதும் தனியாகக் கவனியுங்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் தானாக அணையும்படி வைத்தால் போதும். ஸ்கிரீன் சேவர் ஓடினால் எல்.சி.டி. திரையின் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், ஆயுள் மிச்சமாகாது. ஓ.எல்.இ.டி. திரையில் அசையாத படம் நின்றால் தழும்பு விழும்.

லேப்டாப்பில் முதலில் அடிபடுவது பேட்டரி. 100 சதவீதத்தில், சூட்டில், மாதக்கணக்கில் செருகியே வைப்பது லித்தியம் அயனி பேட்டரிக்கு மிக மோசமான நிலை. கணினியின் தொடக்க அமைப்பான பயாஸிலோ தயாரிப்பாளரின் செயலியிலோ சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வையுங்கள். டச்பேட் மேலே எழும்பினாலோ மூடி சரியாகப் படியாமல் போனாலோ பேட்டரி உப்பிவிட்டது. அந்தக் கணமே பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் ஓடிய கணினியை அணைக்கும் முன்

"ஐந்து வருடம் அணைக்காமல் ஓடியது, ஒருநாள் அணைத்தோம், திரும்ப எழவே இல்லை" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அணைத்ததா அதைக் கொன்றது? வற்றிப்போன கெப்பாசிட்டருக்குச் சூட்டில் உள்தடை குறைவாகவும் ஆறியபின் அதிகமாகவும் இருக்கும். ஓடிக்கொண்டிருந்தவரை அந்தச் சூட்டிலேயே சமாளித்துவிடும்; ஆறியபின் கிளப்பும் திறன் இருக்காது. கெட்டிப்பட்ட கிரீஸோடு ஃபேன் சுழன்றுகொண்டிருக்கும். நின்றால் மறுபடி கிளம்பாது. தேய்மானம் ஐந்து ஆண்டாக நடந்திருக்கிறது. அணைத்த அன்றுதான் அது வெளியே தெரிகிறது.

ஆகவே அப்படிப்பட்ட கணினியைத் தொடும் முன் தரவை வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். நகலிலிருந்து நான்கைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். நகல் எடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பது போதாது. ஸ்மார்ட் எண் 5, 197 இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருள் புதுப்பிப்புக்காக மட்டும் என்றால் ரீஸ்டார்ட் போதும். மின்சாரம் நிற்காது, டிஸ்க் சுழன்றுகொண்டே இருக்கும். சுத்தம் செய்யவோ இடம் மாற்றவோ அணைத்தே ஆக வேண்டும் என்றால், அதே திறனுள்ள ஒரு எஸ்.எம்.பி.எஸ்.-ஐயும் ஒரு ஃபேனையும் கையில் வைத்துக்கொண்டு அணையுங்கள். திரும்பப் போட்டதும் எழவில்லை என்றால் முதலில் எஸ்.எம்.பி.எஸ்.-ஐ மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும். கணினி எழுந்தும் டிஸ்க் மட்டும் சுழலவில்லை, அல்லது "டிக் டிக்" என்று அடிக்கிறது என்றால், தட்டிப் பார்க்காதீர்கள், திரும்பத் திரும்ப மின் கொடுக்காதீர்கள். நகல் இருந்தால் புது டிஸ்க்கைப் போட்டு மீட்டெடுங்கள். நகல் இல்லையென்றால் அந்த டிஸ்க்கைக் கழற்றி, இனி மின் கொடுக்காமல், அப்படியே தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள்.